காத்துக்கு வழி விடாத பசுமைக்குடில் நம்ம ஊருக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல மாடியில பசுமைக்குடில் போட்டு காய்கறி வளக்கது பத்தி ஒரு பக்கம் வந்திருந்துச்சு, ரெண்டு தடவை படிச்சேன். நல்ல விஷயம்தான் எழுதிருக்காங்க, வீட்டுக்கு வேண்டிய வெஞ்சனத்தை வீட்டுலயே வெளைய வைக்கணும்னு நாலு பேருக்கு ஆசை வந்தா சந்தோசம்தான். ஆனா அதுல போட்டிருந்த படத்தைப் பாத்ததும் எனக்கு மனசு பதறிட்டு. நாலு பக்கமும் பாலித்தீன் ஷீட்டு, முன்னால ஜிப் வச்ச கதவு, ஆள் உசரத்துக்கு ஒரு கூடாரம், வெயிலு மழை பூச்சி எதுவும் அண்டாதுன்னு கீழ ஒரு வரி. அதே மாதிரி ஒண்ணை வாங்கி எங்க தட்டட்டியில, அதான் மொட்டை மாடியில, வச்சு ஒரு கோடையையும் நாப்பது செடியையும் பறிகொடுத்தவ நான். பாளையங்கோட்டையில இன்னொரு வீட்டுல அப்படி நடக்கக் கூடாதேன்னுதான் எழுதுதேன், கொஞ்சம் நீளமாப் போயிரும், பொறுத்துக்கிடுங்க.

2022 மாசி மாசம் எங்க வீட்டுக்காரங்க ரிட்டயர் ஆன கையோட, ரெண்டு பேருமா சேந்து தோட்டம் போடுவோம்னு அந்தக் கூடாரத்தை வாங்கினோம். எட்டடி நீளம், ஆறடி அகலம், உசரம் ஆறரை அடி இருக்கும். தக்காளி, குடைமிளகா, கத்தரி, கொஞ்சம் கீரை எல்லாம் வச்சோம். மாசி முடியுத வரைக்கும் நாத்து ஜம்முனு வந்துச்சு, பாத்தவங்க எல்லாம் ஆசைப்பட்டாங்க. பங்குனி பொறந்ததும் எல்லாம் மாறிட்டு. ஒரு நாள் மத்தியானம் ஒண்ணரை மணி இருக்கும், செடி எப்படி நிக்கின்னு பாப்போம்னு ஜிப்பைத் தொறந்தேன், இட்லிக் கொப்பரை மூடியைத் தொறந்தா ஆவி மொகத்துல அடிக்கும்லா, அப்படி அடிச்சுது. உள்ள மாட்டியிருந்த தெர்மாமீட்டர்ல 48 டிகிரி. வெளிய தார்சா நெழல்ல 37தான். அந்த வெக்கையில நம்மளாலயே ஒரு நிமிசம் நிக்க முடியல, வேரைப் பத்தி நிக்குத செடி எங்க போவும்?

தக்காளி பூத்துதான் இருந்துச்சு, கொத்துக் கொத்தா பூத்துச்சு. ஆனா ஒண்ணு கூட காயா மாறல. கிட்ட குனிஞ்சு பாத்தா, பூக்காம்புக்கு நடுவுல சின்னதா ஒரு மொளி இருக்கும் பாருங்க, அந்த மொளி மட்டும் மஞ்சளாகிக் கெடக்கு, விரலு லேசா பட்டதும் அந்த எடத்துல ஒடிஞ்சு பூ கையில வந்துருது. தொட்டிக்குக் கீழ தரையெல்லாம் மஞ்சப் பூவா உதிந்து கெடந்துச்சு. பகல்ல 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி பூவை உதுக்க ஆரம்பிச்சிரும், ராத்திரியும் சூடு எறங்கலைன்னா மகரந்தமே ஒழுங்கா உருவாகாது, இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. வாங்கின கடைக்குப் போன் போட்டுக் கேட்டோம், தண்ணி நெறைய ஊத்துங்கம்மா சரியாயிரும்னாங்க. காலையில சாயங்காலம் ரெண்டு நேரமும் ஊத்தினோம். அதுல என்ன ஆச்சுன்னா காத்துப் புகாத கூடாரத்துக்குள்ள ஈரமும் சேந்து புழுங்க ஆரம்பிச்சு, புதுசா போட்ட கத்தரி நாத்து பூராவும் மண்ணு மட்டத்துல நூலு மாதிரி மெலிஞ்சு, சாய்ஞ்சு படுத்துட்டு. நாத்தழுகல்னு சொல்லுதது இதைத்தான். சாயங்காலம் பச்சையா நின்னது விடியக்கருக்கல்ல பாத்தா பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. அந்தக் காலையில எங்க வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை பேசல, பேசாம கீழ எறங்கிப் போயிட்டாங்க. மிச்சத்தை ஆனி மாசக் காத்து பாத்துக்கிட்டு, கூடாரத்தைக் கம்பியோட தூக்கி பக்கத்து வீட்டு அண்ணாச்சி தட்டட்டியில கொண்டு போட்டுட்டு, நல்ல வேளை அந்நேரம் அங்க ஆளில்ல.

இதுல செடி மேலயும் குத்தமில்ல, எங்க கைராசி மேலயும் குத்தமில்ல. அந்த மாதிரிக் கூடாரம் குளிரு நாட்டுக்காக உண்டானது. வெயிலு ஷீட்டு வழியா உள்ள போவும், மண்ணையும் தொட்டியையும் சூடாக்கும், அதுல பட்டு உள்ள இருக்க காத்தும் சூடாகும், அந்தச் சூட்டுக்காத்து மேல எழும்பி வெளிய போவ வழி இல்லாததுனால உள்ளயே தங்கிரும். பனி கொட்டுத ஊருல அந்தக் கதகதப்புதான் வேணும், அதுக்காகத்தான் காசு செலவழிக்காங்க. நம்ம பக்கம் சித்திரை வைகாசியில வெக்கையை உள்ள புடிச்சு வைக்கவா ஆளு தேடுதோம்? ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் பூவுக்குப் பாலிஹவுஸ், அதான் பாலித்தீன் ஷீட்டு மூடின பெரிய பசுமைக்குடில், போட்டிருக்காங்க, அங்க குளிரு இருக்கு, அதுக்குப் பொருந்தும். சமவெளியில பெருசா போடுத விவசாயிங்க கூட ஏறக்குறைய 20 அடி உசரத்துக்குத் தூக்கி, உச்சியில நீளமா ஒரு தொறப்பு விட்டு, பக்கத்துல எல்லாம் 40 மெஷ் பூச்சிவலை, அதாவது ஒரு இஞ்சுக்கு 40 கண்ணு உள்ள வலை, கட்டிருப்பாங்க, ஷீட்டும் வெயிலுக்கு மக்காத 200 மைக்ரான் ஷீட்டா இருக்கும். சூடு மேல போயி உச்சி வழியா வெளியேறிரும், பக்கத்து வலை வழியா புதுக்காத்து வரும். உசரமும் இல்லாம, உச்சித் தொறப்பும் இல்லாம ஆறரை அடியில அதையே சுருக்கி வித்தா அது வெறும் அவியக்கூடுதான்.

எனக்கு இந்த விஷயம் வெளங்கினது ஒரு பழைய ஞாபகத்துல. நான் பொறந்தது ஆத்தூரு, இப்ப தூத்துக்குடி மாவட்டம், நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப எல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான், 1986லதான் பிரிச்சாங்க. எங்க தாத்தா வெத்தலைக் கொடிக்கால் வச்சிருந்தாக. ஆத்தூர் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சப்ப நான் தாத்தாவை நெனச்சு அழுதுட்டேன். கொடிக்காலுக்குள்ள செருப்பைக் கழத்திட்டுத்தான் போவணும். வெளிய மண்ணு காலைச் சுடும், உள்ள ஒரு எட்டு வச்சதும் குளுந்துரும், ரெண்டு பாத்திக்கு நடுவுல தாமிரபரணித் தண்ணி நிக்கும், மேல பாத்தா அகத்தி இலை வழியா வெயிலு சல்லடையில சலிச்ச மாதிரி பொட்டுப் பொட்டா விழும். வெத்தலைக் கொடிக்கு முந்தியே அகத்தியை வெதைச்சு வளத்துருவாக, அது நெழலுக்கும் ஆச்சு, கொடி ஏற கொம்புக்கும் ஆச்சு. வெயிலு காலத்துல அகத்தியைத் தொடமாட்டாக, மழையும் மப்புமா இருக்க மாசத்துல கெளையைக் கழிச்சு வெளிச்சம் விடுவாக, கழிச்ச தழை மாட்டுக்குப் போவும். எவ்வளவு நெழலு, எவ்வளவு வெளிச்சம், எந்த மாசம், எல்லாம் அவுக கைக்கணக்குல இருந்துச்சு. நம்ம சீமையோட பசுமைக்குடில் அதுதான் ஐயா. ஷீட்டும் ஜிப்பும் வரதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தியே நம்ம ஆளுங்க வெக்கையைத் தடுத்து காத்தை விட்டு வெள்ளாமை செஞ்சிருக்காங்க. இதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தமா இருந்துச்சு.

அதை மனசுல வச்சுக்கிட்டு அந்த வருசம் புரட்டாசியில நாங்களே ஒண்ணு கட்டினோம். ஒண்ணேகால் இஞ்சு ஜிஐ பைப்பு, உசரம் பத்தடி, காலு நாலும் கைப்பிடிச்சுவர் ஓரம் ஒட்டி கிளாம்பு போட்டு முறுக்கியாச்சு, தளத்துல ஓட்டை போடல, போட்டா மழைக்கு ஒழுகும். மேல 50 சதவீத நெழல்வலை, அதாவது வெயில்ல பாதியைத் தடுக்குத வலை. கடையில 75ம் 90ம் கூட வச்சிருக்காங்க, ரொம்ப வெயிலாச்சேன்னு அதை வாங்கிராதீங்க, காய்கறிக்கு அது ஆகாது, செடி வெளிச்சம் தேடி நெட்டையா வெளிறிப் போயி வளரும், தண்டுல பெலம் இருக்காது. வலையை ஆணி அடிச்ச மாதிரி கட்டாம, ஒரு பக்கம் மட்டும் கட்டி, மறு பக்கத்துல வளையம் மாட்டி திரைச்சீலை மாதிரி இழுத்துவிடுத மாதிரி வச்சோம். கொடிக்கால்ல அகத்தியைக் கழிக்கதுதான் இங்க வலையை இழுக்கது. மாசியில இருந்து ஆவணி வரைக்கும் மூடித்தான் கெடக்கும், காலையில ஒன்பது மணிக்கு முந்தி ஒரு மணி நேரம் தொறந்துவிட்டா இன்னும் நல்லது. ஐப்பசி கார்த்திகை மப்பு நாள்ல வலை வேண்டவே வேண்டாம், சுருட்டி வச்சிருங்க.

மேக்காத்துக்கு ஒரு ஏற்பாடு வேணும், இது நம்ம ஊருக்குன்னே உள்ளது. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வருத காத்து இங்க வந்து சேரும்போது என்ன வேகத்துல இருக்கும்னு தட்டட்டியில துணி காயப்போடுதவங்களுக்குத் தெரியும். தென்காசி குத்தாலத்துல அந்தக் காத்து சாரலோட வரும், குளுகுளுன்னு இருக்கும், நமக்கு வெறும் காத்துதான், ஈரத்தை உறிஞ்சி எடுத்துரும். மேக்க ஷீட்டு கட்டினா காத்து அதைக் கப்பல் பாயா நெனச்சு தூக்கிரும். அதே நெழல்வலையை மேக்குப் பக்கம் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் தொங்கவிட்டோம், காத்து வலைக்குள்ள புகுந்து வேகம் கொறைஞ்சு பைய வருது, செடியும் ஆடாம நிக்கி, சூடும் தங்கல. கெழக்கும் தெக்கும் வடக்கும் தொறந்தே இருக்கு. நாத்து விடுத ரெண்டு ட்ரேக்கு மட்டும் சின்னதா ஒரு பூச்சிவலைப் பெட்டி.

பாலித்தீன் ஷீட்டு எப்பதான் வேணும்னா, ஐப்பசி பொறந்து கார்த்திகை முடியுத வரைக்கும் மட்டும், அதுவும் தலைக்கு மேல மட்டும், பக்கம் எல்லாம் தொறந்து. நம்ம மாவட்டத்துக்கு மழைன்னா வடகிழக்குப் பருவமழைதான், அது அடிச்சுப் பெய்யும்போது நாத்து மண்ணோட மண்ணாயிரும், தக்காளி வெடிச்சிரும். ஷீட்டுக்குச் சரிவு முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம், தாமிரபரணி ஊருக்குள்ள வந்த மழை. அன்னைக்கு எங்க ஷீட்டு ஒரு மூலையில தொய்ஞ்சு குடம் குடமா தண்ணி தேங்கி ஒரு பைப்பு வளைஞ்சிட்டு, சரிவு பத்தாம கட்டினதுனால வந்தது அது. இப்ப மூணு அடிக்கு ஒரு அடி சரிவு வச்சிருக்கோம், பிரச்சனை இல்ல.

இனி யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம், உப்பு. எங்க போர் தண்ணி கொஞ்சம் உவர்தான். வெட்டவெளியில வச்ச தொட்டிக்கு மழை பெஞ்சு அப்பப்ப உப்பைக் கழுவி விட்டுரும், கூரைக்குக் கீழ நிக்குத தொட்டிக்கு அந்தக் கொடுப்பினை கெடையாது. நம்ம ஊத்த ஊத்த தண்ணி ஆவியாகிப் போயிரும், உப்பு மட்டும் தங்கிரும். மண் தொட்டி வெளிம்புல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையா ஒரு வளையம் கட்டும், நகத்தால சொரண்டினா பொடிப் பொடியா வரும், இலை நுனி எல்லாம் கருகி சுருளும். உரம் பத்தலையோன்னு நெனச்சு இன்னும் உரம் போட்டா அதுவும் உப்போட உப்பாச் சேந்து செடி இன்னும் மோசமாவும், எங்க மதினி கல்லிடைக்குறிச்சியில அப்படித்தான் ஒரு வருச மிளகாயை எழந்தாங்க. மாசத்துக்கு ஒரு தடவை ஆத்துக் குழாத்தண்ணியோ புடிச்சு வச்ச மழைத்தண்ணியோ, தொட்டி கொள்ளுத அளவுக்கு ரெண்டு மடங்கு ஊத்தி, அடி ஓட்டை வழியா நல்லா ஓட விட்டுருங்க. தென்னைநார்க் கழிவு வாங்குதவங்களும் ரெண்டு மூணு தண்ணியில அலசிட்டுக் கலக்கணும், அதுலயும் உப்பு உண்டு.

நாத்தழுகலுக்கு டிரைக்கோடெர்மா விரிடின்னு நன்மை செய்யுத பூஞ்சைத் தூள் கெடைக்கி, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம்னு கணக்கு சொல்லுவாங்க, வீட்டுக்கு எடுக்குத விதைக்கு ஒரு சிட்டிகை போட்டுப் பெரட்டினாப் போதும். அதை விட முக்கியம் தண்ணியை காலையில ஊத்துங்க, மேல்மண்ணு சாயங்காலத்துக்குள்ள காயணும். எங்களுக்கு ரெண்டு நேரம் ஊத்தச் சொன்னது எவ்வளவு பெரிய தப்புன்னு இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

பூச்சி அண்டாதுன்னு எழுதியிருந்தீங்க. அண்டும். வெள்ளை ஈ நம்ம சேலையில ஒட்டிக்கிட்டு கூட உள்ள வந்துரும். வந்த பொறவு அதைத் திங்க பொறிவண்டு உள்ள வர முடியாது, மூடின கூடாரத்துல அது பெருகுத மாதிரி வெளிய பெருகவே பெருகாது. பழைய டால்டா டின்னுக்கு மஞ்சப் பெயிண்டு அடிச்சு வெளக்கெண்ணெ தடவிச் செடி உசரத்துக்குத் தொங்கவிடுங்க, காலையில பாத்தா எள்ளு தூவின மாதிரி ஒட்டிக் கெடக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெ, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயிலு தாழ்ந்த பொறவு இலைக்கு அடியில படுத மாதிரி அடிக்கணும். மத்தியானம் அடிச்சா இலை வெந்துரும்.

அதே மாதிரி தேனீயும் வராது. பூசணி, பாவக்கா, பீர்க்கங்கா எல்லாம் ஆண்பூ வேற பெண்பூ வேற, தேனீ வந்தாத்தான் காய்க்கும். மூடி வச்சிட்டு பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுதேன்னு எத்தனை பேரு என்கிட்டயே கேட்டிருக்காங்க. ஆண்பூவைப் பறிச்சு இதழை உரிச்சிட்டு, அடியில குட்டிக் காய் ஒட்டிக்கிட்டு இருக்க பெண்பூவுக்குள்ள லேசா தடவி விடணும். பாவக்காய்க்கு விடியக்காலம், பீர்க்கம்பூ சாயங்காலம்தான் மலரும், அதுக்கு அந்நேரம் போவணும். தக்காளிக்கு அந்தச் சோலி இல்ல, ஒரே பூவுல ரெண்டும் உண்டு, காலையில ஒரு ஒன்பது பத்து மணிக்கு கொத்தை விரலால சுண்டி விட்டாப் போதும். எங்க பந்தல்ல மூணு பக்கம் தொறந்து கெடக்கதுனால தேனீயே வருது, விளிம்புல துளசியும் செண்டுப்பூவும் வச்சிருக்கேன் அதுக்காகவே.

இப்ப எங்க பந்தல்ல மத்தியானம் வெளிய விட ரெண்டு மூணு டிகிரி கம்மியா இருக்கு. குடைமிளகா வரல, வராது, ஆசைய விட்டுட்டோம். சித்திரை வெயில்ல தக்காளியையும் வம்புக்கு இழுக்கதில்ல, வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை, புடலையோட நிறுத்திக்கிடுதோம், தக்காளி நாத்து புரட்டாசியில விட்டு மார்கழி தையில பறிக்கோம். போன தையில தினம் ஒரு சொளவு தக்காளி, மகாராஜநகர் உழவர் சந்தைக்கு தக்காளிக்காக நான் ரெண்டு மாசம் போவல. பேரப்பிள்ளைங்க வந்தப்ப சொதிக்கு வேண்டிய முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் மல்லித்தழையும் வீட்டுலதான் பறிச்சேன்.

ஆசிரியர்கிட்ட ரெண்டு விஷயம் கேக்கேன். அந்தக் கட்டுரைக்கு அடுத்ததா, நம்ம சீமை வெயிலுக்கும் மேக்காத்துக்கும் எப்படி அமைக்கணும்னு ஒரு பக்கம் எழுதுங்க. கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி பக்கத்துலதான் இருக்கு, அங்க உள்ளவங்ககிட்ட கேட்டு, எந்தெந்த மாசம் வலை மூடணும், எப்ப சுருட்டணும், எந்தச் செடி தாங்கும் தாங்காதுன்னு மாசவாரியா போட்டா ஜனங்க வெட்டி ஒட்டி வச்சிக்கிடுவாங்க. ரெண்டாவது, தோட்டக்கலைத் துறையில மாடித்தோட்டத்துக்கு பையும் விதையும் மானியத்துல குடுத்திருக்காங்க, நல்ல காரியம், அது கூட 50 சதவீத வலைத்துண்டு ஒண்ணும் சேத்துக் குடுக்கச் சொல்லி உங்க பத்திரிகை கேக்கணும், நகரத்துக்குள்ள ஏதாவது ஒரு அரசாங்கக் கட்டிட மாடியில ஒரு மாதிரிப் பந்தல் கட்டி ஜனங்க தொட்டுப் பாக்குத மாதிரி வைக்கணும். கண்ணால பாத்தா ஒருத்தரும் அந்த ஜிப்புக் கூடாரத்துக்குக் காசு குடுக்க மாட்டாங்க.

எழுதுததை இந்த வைகாசிக்குள்ள எழுதுங்க. ஆனி பொறந்து காத்து எடுத்துட்டா மாடியில ஏறி பைப்பு நட்டவும் முடியாது, வலை கட்டவும் முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.